குழந்தையின் இரத்தமா முதற் சாட்சி?



வழக்கொன்றின் முடிவு பலவேளைகளிற் சட்டத்தைக் காட்டிலும், சாட்சியம் திரட்டப்பட்ட முறையிலேயே தங்கியிருக்கிறது. சிறு குழந்தைகளின் உடலில் ஈயம் ஏறுகின்றதா என்று ஓர் அரசாங்கம் ஆராயும்போதும் அவ்வாறே. அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகரில் நடந்ததை இதற்குச் சான்றாக உங்கள் முன் வைக்கின்றோம்.

2014 ஏப்ரலில், செலவைக் குறைக்கும் பொருட்டு, அந்நகருக்கு ஆற்றுநீர் விநியோகிக்கப்பட்டது. பழைய ஈயக் குழாய்களை நீர் அரிக்காதிருக்கச் சேர்க்கவேண்டிய இரசாயனப் பொருளை எவரும் சேர்க்கவில்லை. அவ்வாண்டு ஒக்ரோபரிலேயே, அங்கிருந்த ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலை, இந்நீர் தன் எஞ்சின் உறுப்புகளைத் துருப்பிடிக்கச் செய்கிறதென்று கண்டு வேறு நீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்குக் கிடைத்த நியாயம் குழந்தைகளுக்குக் கிடைக்க மேலும் ஓராண்டு சென்றது!

அவ்வோராண்டில் அளவீடு நடக்கவில்லையா? நடந்தது. மாதிரி எடுப்பதற்கு முன்னர்க் குழாயைத் திறந்து நீரை ஓடவிடும்படி வீட்டாருக்குச் சொல்லப்பட்டது. குழாயிலே தங்கி ஈயம் கரைந்த நீர் அதனாற் கழிந்துபோகும் அன்றோ? 2015இன் முற்பாதியில் 71 மாதிரிகள் சேர்ந்தன. அவற்றுள் இரண்டு நீக்கப்பட்டன. லீற்றருக்கு 15 மைக்கிரோகிராம் என்பதே அப்போது நடவடிக்கைக்குரிய எல்லையாக இருந்தது; நீக்கப்பட்ட ஒரு மாதிரியிலோ 104 இருந்தது. அவ்வீட்டில் வடிகட்டி பொருத்தியிருந்தமை காரணமாம்! இரண்டும் அகன்றதும் நகரம் எல்லைக்குள் வந்துவிட்டது.

கமக்காரர் பலர் இங்கே வந்திருக்கின்றீர்கள். உவர் கண்ட மூலையை விலக்கிவிட்டு மண் பரிசோதனைக்கு மண் அனுப்புவீர்களா?

2015 செப்ரெம்பரில், குழந்தை வைத்திய நிபுணர் மோனா ஹன்னா அற்றிஷா, வைத்தியசாலைப் பதிவேடுகளிலிருந்த இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் திரட்டி வெளியிட்டார். முதலிலே மறுத்த அதிகாரிகள் பின்னர்ப் பணிந்தனர். ஒக்ரோபரில் பழைய நீர் திரும்பியது. ஐந்து வயதுக்குட்பட்டோரில், இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 5 மைக்கிரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் உடையவர்கள் நூற்றுக்கு 2.4இலிருந்து 4.9 ஆகியிருந்தனர். நீரில் ஈயம் மிகுந்த வட்டாரங்களில் அது 4.0இலிருந்து 10.6 ஆயிற்று.

அக்கணக்கும் முழுமையானதன்று. அங்கே குழந்தையின் இரத்தம் பெரும்பாலும் ஒன்றாம், இரண்டாம் வயதுகளிலேயே சோதிக்கப்படுகின்றது. குழாய்நீரிற் பால்மாக் கரைத்துக் குடித்த கைக்குழந்தைகளை யார் எண்ணினார்? மேலும், இரத்தத்திலுள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்திற் பாதியாகக் குறையும். ஆனால் எலும்பிலே தங்கியது பல்லாண்டுகள் கிடக்கும். உண்ட ஈயத்தில் வளர்ந்தவர் உடல் பத்திலொரு பங்களவே ஏற்க, குழந்தையின் உடல் பாதியளவை ஏற்கின்றது. தீங்கற்றதென்று சொல்லத்தக்க அளவு எதுவும் இதுவரை காணப்படவில்லை.

ஆகவே, இரத்தத்திற் கண்ட பின்னர் வீட்டைப் பார்ப்போம் என்பது தலைகீழான முறை என்கின்றோம். இரவு முழுவதும் குழாயில் நின்ற நீர், உரிந்து விழும் பழைய வர்ணப்பூச்சு, யன்னற் படியிலுள்ள தூசி, பிள்ளை தவழ்ந்து கையை வாயில் வைக்கும் முற்றத்து மண் ஆகியவையே முதலில் விசாரிக்கப்படவேண்டிய சாட்சிகள். அவற்றுக்கு ஊசி குத்தவேண்டியதில்லை, அவை அழுவதுமில்லை.

2021இல் 62 கோடியே 60 இலட்சம் டொலர் நட்டஈட்டுக்கு நீதிமன்றம் அங்கீகாரம் அளித்தது. அதில் ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கு பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டது. ஆயின், யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்க, இரத்தத்திலும் எலும்பிலும் கண்ட ஈயத்தின் அளவும் கேட்கப்பட்டது. சாட்சியம் மீண்டும் அப்பிள்ளைகளின் உடலிலேயே தேடப்பட்டது.