ஓவியத்தில் ஒலிக்காத பாட்டு



நம் இராசபாளையத்துக்கும் ஆண்டாள் அவதரித்த திருவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துக் கல் தொலைவுகூட இல்லை. அந்த அருகாமையில் நின்றுகொண்டு, உரோமாபுரிப் புனிதை ஒருவரைப் பற்றிப் பேச விழைகிறேன்.

புனித செசிலியா இசைக்குக் காவற்புனிதை. நவம்பர் 22 அவருடைய திருநாள். 1606இல் இத்தாலிய ஓவியர் கீதோ ரேனி அவரை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். கையில் வயலின், விழிகளோ வானை நோக்கியவை. செசிலியா வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் வயலின் என்ற கருவியே கிடையாது. ஓவியர் தம் காலத்துக் கருவியைக் கொடுத்துவிட்டார். வேறு பலர் ஆர்கனைக் கொடுத்தனர்.

செசிலியாவின் பழைய சரிதம் கூறுவது வேறு. அவருடைய திருமணத்தில் இசைக்கருவிகள் முழங்கினவாம். அவரோ தம் உள்ளத்துக்குள் இறைவனுக்கு மட்டுமே பாடிக்கொண்டிருந்தாராம். கருவிகளுக்குச் செவிகொடாதவர் கையிலேயே பிற்காலம் கருவியை வைத்தது! ஆயினும் ரேனி உண்மையைக் கைவிடவில்லை. அந்த விழிகள் வயலினைப் பார்க்கவில்லை அல்லவா?

அவர் இயற்றிய பாடல் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. அவரை இசைப்புனிதை என்று காட்ட ஓவியருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது.

நம் கோதைக்கு அந்தத் தேவை இல்லை. அவரும் மானிடரை மணக்க மறுத்தவர். தம் உள்ளத்தை இறைவன் ஒருவனுக்கே கொடுத்தவர். ஆனால் அவர் கையில் இருப்பது வீணையன்று, கிளி. இலைகளாலும் மாதுளம்பூவாலும் நாள்தோறும் புதிதாகச் செய்யப்படும் கிளி. அது ஒரே நாளில் வாடிவிடும். திருப்பாவையின் 30 பாசுரங்களும் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களும் வாடவில்லை. அரையர்கள் தாளம் ஏந்தி அபிநயிக்கும்போது, ஓவியம் காட்ட இயலாத அந்தக் குரலின் சொற்களை இன்றும் கேட்கிறோம்.

நண்பர்களே, பத்தாண்டு நிறைவில் நம்மைச் சுற்றியும் ஓசை மிகுந்திருக்கிறது: மேடை, மாலை, கைதட்டல். கைதட்டலுக்காகவே கவிதை எழுதும் ஆசை எனக்கும் உண்டு; அதனால்தான் இதைச் சொல்கிறேன். இம்மலரில் நம் நிழற்படங்கள் இடம்பெறலாம். நாளை அவற்றைப் பார்க்கும் பிள்ளைகள், “இவர் என்ன பாடினார்?” என்று கேட்டால், விடையாக ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

ஓசைக்கு நடுவே உள்ளத்தில் பாடுவோம். பாடியதை எழுதியும் வைப்போம்.