பஞ்சு திரும்பி வந்த நாள்

"ரோட்டுல கிடந்த ஒரு நாயைத் தூக்கிட்டு வந்துட்டேன், அடுத்து என்ன பண்றது?" என்று கேட்டு சில பேர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தீங்க. பொதுவாக அட்வைஸ் சொல்வதைவிட, பஞ்சுவோட கதையைச் சொல்லிடறேன். அதில் நான் பண்ணின ஒரு தப்பும் இருக்கு. அதையும் சேர்த்தே சொல்லணும்.

எனக்கு வீடு திண்டிவனம், வேலை விழுப்புரம். நடுவில் சுமார் 40 கிலோமீட்டர். போன வருஷம் மே மாதம் ஒரு திங்கட்கிழமை, கூட்டேரிப்பட்டு தாண்டி தர்பூசணி சாப்பிட பைக்கை நிறுத்தினேன். கடையில் இருந்த தள்ளுவண்டிக்கு அடியில் கறுப்பா ஏதோ ஒண்ணு சுருண்டு கிடந்தது. பழைய டயர் துண்டுன்னு நினைச்சேன். அது தலையைத் தூக்கிப் பார்த்தது.

கடைக்கார அக்கா சொன்னாங்க: "பத்து நாளா இங்கதான் கிடக்கு தம்பி. யாரோ கார்ல வந்து இறக்கி விட்டுட்டுப் போய்ட்டாங்க. தண்ணி வெச்சா குடிக்கும், கிட்ட போனா உறுமும்."

கறுப்பு அதன் நிறம் இல்லை. சொறி பிடிச்ச நாய்க்கு மருந்துன்னு நினைச்சு யாரோ வண்டியில் வடிச்ச கழிவு ஆயிலை ஊத்தியிருந்தாங்க. இது நம்ம ஊரில் ரொம்ப சகஜம், நல்லது பண்றோம்னு நம்பித்தான் பண்றாங்க. நாய் அதை நக்கும், வயித்துக்குள்ளே போகும், தோலும் வெந்துபோகும். அதை எடுக்க மண்ணெண்ணெய் போட்டுடாதீங்க, அது இன்னும் மோசம். சமையல் எண்ணெய் தடவி ஆயிலை இளக்கிட்டு, பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு வெதுவெதுப்பான தண்ணியில் அலசணும். எங்களுக்கு நாலு தடவை அலச வேண்டியிருந்தது. உள்ளே இருந்து வெளிவந்தது ஒரு வெள்ளை நாய். அம்மாதான் பஞ்சுன்னு பேர் வெச்சாங்க. மறுநாளே சடை விழுந்த முடியை எல்லாம் மழிக்க வேண்டியதாயிடுச்சு, பேர் மட்டும் மிச்சம்.

நம்ம ஊரில் எல்லாரும் பொமேரியன்னு சொல்ற நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். 1994-இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தில் வர்ற டஃபி அந்த ஜாதிதான். குட்டியா இருக்கும்போது ஆசையா வாங்கி, முடி கொட்டி நோய் வந்ததும் பைபாஸில் இறக்கி விடறாங்க. பட்டினி கிடக்கும்னு தெரிஞ்சே ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தில் முதல் தடவைக்கு எழுதியிருக்கிற அபராதம் பத்து ரூபாயில் இருந்து ஐம்பது ரூபாய் வரைக்கும். ஒரு தர்பூசணி விலை.

டாக்டர் எடை போட்டார்: 3.8 கிலோ. இந்த சைஸுக்கு ஐந்தரையாவது இருக்கணும். பல்லைப் பார்த்து நாலு வயசு இருக்கும்னார். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் டெமோடெக்ஸ் பூச்சி. அது மனுஷங்களுக்கு ஒட்டாது. உடம்பு பலவீனமானால்தான் வளர்ந்த நாய்களுக்கு இப்படிப் பெருகும். கூடவே உண்ணிக் காய்ச்சல், ரத்தத்தில் பிளேட்லெட் குறைவு. நாலு வாரம் மாத்திரை, அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.

சாப்பாட்டில்தான் நிறையப் பேர் தப்பு பண்றோம். பாவம்னு ஒரு தட்டு நிறைய பிரியாணி வெச்சிடறோம். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீர்னு நிறைய சாப்பாடு உயிருக்கே ஆபத்து. பஞ்சுவுக்கு வேகவெச்ச கோழியும் சோறும், உப்பு இல்லாமல், வெங்காயம் பூண்டு இல்லாமல், கைப்பிடி அளவு, ஒரு நாளைக்கு ஆறு தடவை. ஒரு வாரத்துக்கு அப்புறம்தான் அளவைக் கூட்டினோம்.

ஆகஸ்டில் முடி வளர்ந்து உண்மையிலேயே பஞ்சு மாதிரி ஆயிட்டா. ஒரு மாத இடைவெளியில் ரெண்டு தடவை தோலைச் சுரண்டிப் பார்த்தும் பூச்சி இல்லை. தடுப்பூசி, கருத்தடை ஆபரேஷன் எல்லாம் முடிஞ்சது. ஒரே ஒரு விஷயம் பாக்கி. சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போனால் உடம்பு விறைச்சு, உறுமுவாள். அதுக்கும் பழக்கிட்டுத்தான் இருந்தேன். தூரத்தில் நின்னு ஒரு கோழித்துண்டைத் தட்டுப் பக்கம் போட்டுட்டு நகர்ந்துடணும். ஆள் வந்தால் சாப்பாடு போகாது, கூடத்தான் வரும்னு அதுக்குப் புரியணும். தினமும் அரை அடி, ஒரு அடின்னு கிட்ட போகலாம். மாசக்கணக்கில் ஆகும். எனக்குப் பொறுமை இல்லை.

இன்ஸ்டாவில் அழகான போட்டோ போட்டு, "எல்லாரோடும் நல்லாப் பழகும்"னு எழுதினேன். உறுமறதை எழுதலை. எழுதினா யாரும் எடுக்க மாட்டாங்கன்னு பயம். முப்பது மெசேஜுக்கு மேல வந்தது. விழுப்புரத்தில் ஒரு குடும்பம், ஏழு வயசுப் பையன், நல்ல மனுஷங்க. கொடுத்துட்டேன்.

நாலாம் நாள் போன். பையன் தட்டை நகர்த்தப் போயிருக்கான், பஞ்சு கையில் பல்லைப் பதிச்சுட்டா. சின்னக் காயம்தான். ஆனாலும் சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில் பதினைந்து நிமிஷம் கழுவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் இதில் அலட்சியம் கூடாது. அன்றைக்கு சாயங்காலமே அந்த அப்பா பஞ்சுவைத் திருப்பிக் கொண்டு வந்தார். கத்துவார்னு நினைச்சேன்.

"தம்பி, நாய் மேல எனக்குக் கோபம் இல்ல. முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா பையனை நாங்க பாத்துக்கிட்டிருப்போம்ல?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அந்தப் பையன் ஒவ்வொரு ஊசி போட்டுக்கப் போகும்போதும் நானும் கூடப் போனேன். ரெண்டாவது தடவை, "பஞ்சு எப்படி இருக்கு?"ன்னு கேட்டான்.

திரும்பி வந்த பஞ்சு ரெண்டு நாள் கட்டிலுக்கு அடியை விட்டு வரலை. புது இடத்தில் நாய்க்கு முதல் மூணு நாள் பயம், மூணு வாரத்தில் வீட்டோட பழக்கம் புரியும், மூணு மாசத்தில்தான் இது நம்ம வீடுன்னு தோணும் என்று ஒரு கணக்கு சொல்வாங்க. நான் அவளை அந்தக் கணக்கின் ஆரம்பத்துக்கே மறுபடியும் தள்ளியிருந்தேன்.

அடுத்த போஸ்டில் முதல் வரியே இதுதான்: "சாப்பிடும்போது உறுமும், ஒரு முறை கடித்திருக்கிறது, சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குத் தர மாட்டேன்." மூணு வாரத்தில் வந்தது ரெண்டே மெசேஜ். ஒருத்தர் குட்டி போட வெக்கலாமான்னு கேட்டார். இன்னொருத்தர் திண்டிவனத்தில் ரிட்டயர்டு டீச்சர், அவங்களும் வீட்டுக்காரரும் மட்டும், சொந்த வீடு. கூட்டிட்டுப் போகறதுக்கு முன்னாடி மூணு ஞாயிற்றுக்கிழமை வந்து, தூரத்தில் உக்காந்து, கோழித்துண்டு போட்டுட்டுப் போனாங்க. என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி: "ராத்திரி குறட்டை விடுமாப்பா? ஏற்கெனவே ஒருத்தர் விடறார்."

போய் ஐந்து மாசம் ஆச்சு. எடை ஆறு கிலோ. போன வாரம் போன் பண்ணி, இன்னும் உறுமுதாம்மான்னு கேட்டேன்.

"உறுமும்பா. உறுமினா நான் சமையல்கட்டுக்குப் போயிடுவேன். சாப்பிட்டு முடிச்சதும் அதுவே வந்து என்னைக் கூப்பிடும்."