வாசலில் நிற்க வேண்டிய வைத்தியர்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், மருத்துவத்துறையிலுள்ள பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்களில் மகப்பேற்று நிபுணர், குழந்தை நல நிபுணர், கண் வைத்தியர் என்று பலர் இருக்கிறோம். ஆனாலும் பலரும் இன்னும் சரியாக அறியாத அவசர மருத்துவம் பற்றியே இன்று பேசத் தீர்மானித்தோம்.

"அவசர சிகிச்சைக்கும் ஒரு நிபுணரா?" என்று சற்று முன் தேநீர் வேளையில் ஓர் ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் உள்ளகப் பயிற்சி முடித்த காலத்தில் நிபுணர்கள் விடுதிகளில் இருந்தார்கள். வாசலில் நின்றவர் பெரும்பாலும் அனுபவம் குறைந்தவர். நோயாளியை எந்த விடுதிக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பதே அவருடைய வேலை என்று கருதப்பட்டது.

அந்த வாசலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வயது போன அம்மா ஒருவர், "வாய்வு பிடிச்சிருக்கு பிள்ளை, கையும் உளையுது" என்கிறார். அது மாரடைப்பாக இருக்கலாம். 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில், இரவு பாயில் படுத்திருந்தபோது கட்டுவிரியன் தீண்டிய ஒருவர். கடிவாயில் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. கண்ணிமை மெல்லச் சரிவதை யாரும் கவனிக்காவிட்டால், சில மணித்தியாலங்களில் மூச்சுத் தசைகள் செயலிழந்துவிடும். மூன்றாமவர் மோட்டார் சைக்கிளில் விழுந்தவர். நன்றாகத்தான் பேசுகிறார், ஆனால் வயிற்றுக்குள் குருதி கசிகிறது. மூவரும் ஒரே நேரத்தில் வந்தால் யாரை முதலில் பார்ப்பது? இதயம், நரம்பு, சத்திரசிகிச்சை எல்லாவற்றிலும் முதல் ஒரு மணித்தியாலத்துக்குரிய அறிவு ஒரே ஆளிடம் இருக்கவேண்டும். அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

உலகத்திலும் இது இளைய துறைதான். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1970இல் முதற் பயிற்சி நெறி தொடங்கியது. அந்நாட்டில் தனித்துறையாக அங்கீகாரம் கிடைத்தது 1979இல். எங்கள் நாட்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் இத்துறையில் எம்.டி. நெறியைத் தொடங்கியது சென்ற தசாப்தத்தில்தான். தெரிவுப் பரீட்சை, பல பிரிவுகளில் சில வருடப் பயிற்சி, எம்.டி. பரீட்சை, பிறகு சிரேஷ்ட பதிவாளராக உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயிற்சி. அதன் பின்தான் நிபுணர் என்ற சான்றிதழ். நீண்ட பாதை, மறைக்க விரும்பவில்லை.

இந்திய உதவியுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது. இன்று நோயாளி வாசலுக்கு விரைவாக வந்துவிடுகிறார். வாசலில் யார் நிற்கிறார் என்பதுதான் மிச்சக் கேள்வி.

"பெண் பிள்ளைக்கு இரவு வேலை ஒத்துவராது" என்று எங்கள் வீடுகளிலும் சொன்னார்கள். உண்மை என்னவென்றால், இத்துறையில் முறைக்கடமை முடிந்ததும் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வீடு போகலாம். எத்தனையோ துறைகளில் நடுச்சாமத்திலும் தொலைபேசி அடிக்கும்! எங்களில் இரண்டு பிள்ளைகளின் தாயொருவர் இதற்காகவே இதைத் தெரிவு செய்தார்.

இனி, கடல் கடந்து வாழும் அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுப் பயிற்சிக்கான இடத்தைத் தேடுவதிலேயே எங்கள் பிள்ளைகள் மாதக்கணக்காக அலைகிறார்கள். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கடமையாற்றுபவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். எந்த வைத்தியசாலையில் இடமுண்டு, யாருக்கு எழுதவேண்டும், நேர்முகத்தில் என்ன கேட்பார்கள் என்று சொல்லிக் கொடுங்கள். வந்திறங்கும் முதல் வாரம் ஓர் அறையும் ஒரு நேரச் சோறும் கொடுத்தாலே பெரிய காரியம்.

போனவர்கள் எல்லோரும் திரும்புவதில்லை. 2022இன் நெருக்கடிக்குப் பின் எத்தனை வைத்தியர்கள் புறப்பட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. அவர்களில் எங்கள் வகுப்புத் தோழிகளும் உண்டு. ஆனால் ஒருத்தி திரும்பி வந்தாலும், ஓர் ஆதார வைத்தியசாலையின் வாசல் மாறுகிறது. அவளுக்குக் கீழே பழகும் இளம் வைத்தியர்களும் தாதியரும் மாறுகிறார்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது இரண்டு நாளை ஒதுக்கி அவர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடத்த முடியுமென்றால், அதையும் சொல்லுங்கள்.

வாசலிலுள்ள பதிவு மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உதவ விரும்பும் அக்காமார் முன்பக்கத்திலும், உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தங்கைமார் பின்பக்கத்திலும் பெயரை எழுதுங்கள். இருவரையும் தொடர்புபடுத்துவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.