‘விட்டுவிடுகிறோம்’



துறத்தலைக் குறிக்கும் ‘ரினவுன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல், ‘ரெநுன்சியாரே’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘நுன்சியுஸ்’ என்றால் தூதன். பாப்பரசரின் தூதரை நாம் ‘நுன்சியோ’ என்பதும் இதனாலேயே. ஆகவே அதன் முதற்பொருள், பதில் சொல்லி அனுப்புதல். பண்டைய ரோமரிடையே கூட்டு வியாபாரம் செய்தவன், “இனி நமக்குள் கூட்டு இல்லை” என்று பங்காளிக்கு அறிவித்து விலகுவதற்கும் இச்சொல்லே வழங்கிற்று. மனதுக்குள் வெறுத்தால் போதாது. வாய்திறந்து சொல்லிக் கணக்கை முடிக்க வேண்டும்.

திருச்சபை இச்சொல்லையே ஞானஸ்நானச் சடங்கில் வைத்தது. 4-ஆம் நூற்றாண்டில் யெருசலேமில் ஞானஸ்நானம் பெற வந்தோர், இருளின் திசையான மேற்கை நோக்கிக் கைநீட்டிச் சாத்தானை விட்டுவிட்டனர். பின்பு கிழக்கே திரும்பி விசுவாச அறிக்கை செய்தனர். 1951-இல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் சீரமைத்த பாஸ்கா இரவுச் சடங்கில், மக்கள் அனைவரும் அவ்வாக்கைப் புதுப்பிக்கும் முறை ஏற்பட்டது.

ஆண்டுதோறும் எரியும் திரியைக் கையிலேந்தி, “விட்டுவிடுகிறோம்” என்கிறோம். ஆனால் திருவிழா வந்ததும், கொடிக்கயிற்றைப் பிடிப்பது யார், தேர் எந்தத் தெருவில் முதலில் நிற்பது என்று வழக்காடுகிறோம். கோவில் வாசலில் கழற்றிய சாதியை, திரும்பும்போது மறவாமல் மாட்டிக்கொள்கிறோம். கூட்டு முறிந்தது என்று சொல்லிவிட்டு மறைவில் கணக்கு நடத்தினால், அது துறத்தல் ஆகுமா?

பழைய ஏற்பாட்டு ஜூபிலி ஆண்டில் விற்ற நிலம் உரியவனிடம் திரும்பிற்று. அடிமை விடுதலை பெற்றான். நம் ஜூபிலியிலும் நாம் விட்டுக்கொடுக்க ஏதாவது இருக்கட்டும். பேச்சு நின்றுபோன வீடு நமக்கு ஒன்று உண்டென்றால், தூது அனுப்பாமல் நாமே சென்று, “பகையை விட்டுவிட்டோம்” என்று சொல்லி வருவோமாக. ஆமென்.