புதுச் சந்தையும் பழஞ் சந்தையும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நியாயவாதி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தின் முடிவில் இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, வட்ஸ்அப்பையும் முகநூலையும் விட்டுப் புதிய தளமொன்றுக்கு நாம் எல்லோரும் மாறினால் என்ன? புதியவர்கள் பழையவர்களோடு போட்டியிட்டு நிலைக்க முடியாதா?" என்று கேட்டார். நேரமின்மையால் அன்று விடை கூறாது விட்டேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

இது வாலிபர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வி என்று பெரியோர்கள் எண்ணிவிடலாகாது. வெங்காயத்தின் விலையை அறிவதும், கூட்டத்துக்கு அழைப்பு விடுப்பதும், கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகளோடு பேசுவதும் இன்று இரண்டொரு கம்பனிகளின் வாசல் வழியாகவே நடைபெறுகின்றன. வட்ஸ்அப்பும் முகநூலும் இன்ஸ்டகிராமும் மெற்றா என்னும் ஒரே கம்பனியின் உடைமைகள். அந்த வாசலுக்கு மாற்று வாசல் உண்டா என்பதே கேள்வி.

கமக்காரப் பெருமக்களுக்கு இதனை விளக்கப் பொருளாதார நூல் வேண்டியதில்லை. பழைய சந்தைக்கு எதிரே புதிய சந்தை ஒன்று கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூரை நல்லது, தரை சீமெந்து, குத்தகை வரியும் குறைவு. ஆயினும் முதல் நாள் தன் மூட்டைகளை அங்கே இறக்கத் துணிபவர் யார்? வியாபாரி அங்கு இல்லை என்று கமக்காரர் போகமாட்டார். சரக்கு அங்கு இல்லை என்று வியாபாரி வரமாட்டார். இருவரும் புதுச் சந்தையை விரும்பினாலும், இருவரும் பழஞ் சந்தையிலேயே நிற்பர். ஒரு மனிதன் இடம் மாறுவது எளிது. ஒரு கூட்டம் ஒரே நாளில் மாறுவது அரிது. சமூக வலைத்தளங்களின் வல்லமை முழுவதும் இந்த ஓர் உண்மையிலேயே அடங்கியிருக்கிறது.

நீதிமன்றத்திலே பழகியவன் நான். ஆகவே சாட்சிகளை அழைக்கிறேன்.

முதலாம் சாட்சி கூகிள் பிளஸ். 2011 ஜூன் மாதத்தில் உலகப் பெருஞ் செல்வக் கம்பனி ஒன்று முகநூலை எதிர்த்து இதனைத் தொடங்கியது. பணத்துக்குப் பஞ்சமில்லை, பொறியியலாளருக்கும் பஞ்சமில்லை. கோடிக்கணக்கானோர் ஏற்கெனவே கூகிளின் மின்னஞ்சலைப் பாவித்து வந்தனர். கணக்குகள் பெருகின; ஆனால் அங்கே பேச்சுப் பெருகவில்லை. 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கான அத்தளம் மூடப்பட்டது. பணத்தால் கட்டடம் எழுப்பலாம். அதற்குள் உங்கள் அயலவரைக் கொண்டுவந்து இருத்த முடியாது.

இரண்டாம் சாட்சி இந்தியாவின் கூ. 2020 இல் பெங்களூரில் தோன்றிய இத்தளம், இந்திய மொழிகளில் எழுத வசதி செய்தது. 2021 தொடக்கத்தில், விவசாயிகளின் போராட்டத்தை ஒட்டி, இந்திய அரசுக்கும் டுவிட்டருக்கும் பிணக்கு மூண்டபோது மத்திய அமைச்சர்களே கூவுக்கு வந்து மக்களையும் அழைத்தனர். அதே ஆண்டில் டுவிட்டரைத் தடைசெய்த நைஜீரிய அரசும் அங்கே கணக்குத் திறந்தது. இரண்டு அரசுகளின் ஆதரவு இருந்தும் பயன் என்ன? 2024 ஜூலையில் கூ மூடப்பட்டது. அமைச்சர் அழைத்தார் என்பதற்காக ஒருவன் வரலாம். அவன் நண்பர்கள் வராவிடின் அவன் தங்கமாட்டான்.

மூன்றாம் சாட்சியின் பெயரைக் கேட்டாலே தமிழர் மனம் மகிழும். அதன் பெயர் அரட்டை. ஸ்ரீதர் வேம்பு அவர்களை நிறுவுநர்களுள் ஒருவராகக் கொண்ட சோஹோ நிறுவனம் 2021 இல் வெளியிட்டது. சில ஆண்டுகள் அதிகம் அறியப்படாதிருந்து, 2025 செப்டம்பரில் சுதேசிப் பொருள்களை ஆதரிக்குமாறு எழுந்த அழைப்பினால் திடீரென உயர்ந்தது. நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில், மூன்றே நாட்களில் அத்தொகை நாளொன்றுக்கு 3,50,000 பேராக உயர்ந்தது என்று வேம்பு அவர்களே அறிவித்தார். ஆனால் எழுத்துச் செய்திகளை அனுப்புநரும் பெறுநரும் அன்றி வேறெவரும் படிக்க இயலாதவாறு பூட்டும் வசதி அந்நாளில் அதில் இருக்கவில்லை. வந்த விருந்தினருக்குப் பாய் விரிக்குமுன்னரே பந்தி நிறைந்துவிட்டது. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆதலால் அதற்குத் தீர்ப்புக் கூற நான் விரும்பவில்லை. ஆர்வம் கூட்டத்தைக் கூட்டும், கூட்டத்தைக் கட்டிவைக்க வேறொன்று வேண்டும் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இச்சாட்சிகளை மட்டும் கேட்டு, பழையவர் என்றும் வெல்வர் என்று முடிவு கட்டிவிடலாமா? எதிர்த்தரப்பையும் கேட்பதன்றோ நீதி!

மைஸ்பேஸ் என்றொரு பெருந்தளம் இருந்தது. 2005 இல் அதனை 58 கோடி டொலருக்கு வாங்கினார்கள். 2011 இல் அது விலைப்பட்டது ஏறத்தாழ மூன்றரைக் கோடி டொலருக்கு என்று செய்தி வந்தது. அதனை வீழ்த்திய முகநூல் எவ்வாறு வந்தது? 2004 பெப்ரவரியில் ஹார்வார்ட் என்னும் ஒரே பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அந்த ஒரு வளவை நிரப்பிய பின்னரே அடுத்த வளவுக்குச் சென்றது. 2006 செப்டம்பரிலேதான் எல்லாருக்கும் கதவு திறந்தது. உலகமனைத்தையும் அழைத்த கூகிள் பிளஸ் தோற்றது. ஒரு சிற்றூரை முழுதாகப் பிடித்து அடுத்த ஊருக்குப் போன முகநூல் வென்றது.

டிக்டொக் மற்றொரு வழியைக் கண்டது. உன் உறவினர் யார், நண்பர் யார் என்று அது கேட்கவில்லை. முன்பின் அறியாதவரின் காட்சிகளை, உன் சுவையறிந்து உன் முன் வைத்தது. உறவினர் எவரும் வராதபோதும் பார்ப்பதற்கு ஏதோ இருந்தது. 2021 செப்டம்பரில் மாதந்தோறும் 100 கோடிப் பேர் வருவதாக அது அறிவித்தது. பழைய சந்தைக்கு எதிரே இன்னொரு சந்தையைக் கட்டாமல், அது கூத்துக் கொட்டகை கட்டியது.

மூன்றாவது வழியைத் திறப்பவர் பழையவரே. 2022 ஒக்டோபரில் இலோன் மஸ்க் 4,400 கோடி டொலருக்கு டுவிட்டரை வாங்கி, பின்னர் எக்ஸ் என்று பெயர் மாற்றினார். அவர் செய்த மாற்றங்களை வெறுத்தோர் புறப்பட்டனர். 2024 ஓகஸ்ட் இறுதியில் பிரேசிலின் உயர்நீதிமன்றம் எக்ஸை நிறுத்தி வைத்தபோது புளூஸ்கை என்னும் புதிய தளத்தில் சில நாட்களுக்குள் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். அமெரிக்கத் தேர்தல் முடிந்த அந்த நவம்பரிலே அதன் தொகை 2 கோடியைக் கடந்தது. எனினும் எக்ஸை அது வீழ்த்தவில்லை. மெற்றாவின் திரெட்சோ 2023 ஜூலையில் ஐந்தே நாட்களில் 10 கோடிப் பேரைச் சேர்த்தது. எப்படி? இன்ஸ்டகிராமில் இருந்தோர் தம் பெயரையும் தாம் பின்தொடர்வோரையும் அப்படியே கொண்டுவர அது வழிசெய்தது. மூட்டை முடிச்சுகளோடு, உற்றார் உறவினரோடு குடிபெயர வண்டி கிடைத்தது, மக்கள் ஏறினர்.

பெரியோர்களே, வழக்கின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. உறவுகளைக் கொண்டுசெல்ல முடிந்தால் மக்கள் மாறுவார்கள். ஆனால் அந்த வண்டி யாருடையது? பழைய முதலாளியுடையது. தன் வீட்டின் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குத்தான் அவர் ஏற்றிச் சென்றார். அயல் வீட்டுக்கு ஏற்றிச் செல்வாரா?

சட்டம் இங்கே என்ன செய்தது? முகநூல், 2012 இல் இன்ஸ்டகிராமையும் 2014 இல் வட்ஸ்அப்பையும் வாங்கியது ஏகபோகத்தைக் காக்கவே என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2020 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. போட்டியிடுவதிலும் வாங்கிவிடுவது மேல் என்று முகநூலின் தலைவர் 2008 இல் எழுதிய கடிதமும் அவ்வழக்கில் காட்டப்பட்டது. 2025 நவம்பர் 18 இல் நீதியரசர் போஸ்பர்க், மெற்றாவிடம் இன்று ஏகபோகம் இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை என்று தீர்த்தார். டிக்டொக்கும் யூடியூப்பும் போட்டியாக இருக்கின்றன என்பது அவர் கூறிய முக்கிய காரணம். புதியவரின் வெற்றியே பழையவருக்குக் கேடயமாயிற்று!

அத்தீர்ப்பை நான் இகழவில்லை. ஆயினும் எனக்கொரு ஐயம் உண்டு. காட்சி பார்ப்பதற்கு இரண்டு கொட்டகைகள் இருக்கலாம். ஊர்ச் சங்கத்தோடு பேசுவதற்கு எத்தனை வாசல்கள் உள்ளன?

தொலைபேசியின் வரலாற்றைப் பாருங்கள். பெல்லின் உரிமைப் பத்திரங்கள் 1893 இலும் 1894 இலும் காலாவதியானபின் அமெரிக்காவில் சிறு தொலைபேசிக் கம்பனிகள் பல முளைத்தன. ஆனால் ஒரு கம்பனியின் சந்தாதாரர் மற்றக் கம்பனியின் சந்தாதாரரோடு பேச முடியவில்லை. வியாபாரிகள் மேசையில் இரண்டு தொலைபேசிகள் வைத்தனர். 1913 டிசம்பரில், அரசின் நெருக்குதலால், பெல்லின் பெருங் கம்பனி தன் நெடுந்தூரக் கம்பிகளில் சிறியவர்களையும் இணைக்க உடன்பட்டது. இன்று நாம் எந்தக் கம்பனியின் தொலைபேசியிலிருந்தும் எந்தக் கம்பனியின் தொலைபேசிக்கும் பேசுகிறோம். இதை எவரும் விந்தையென்று கருதுவதில்லை. இதே உரிமையைத்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சந்தைச் சட்டம் கேட்கிறது. அச்சட்டத்தின்படி வட்ஸ்அப் பிற தளங்களுக்குக் கதவு திறக்கவேண்டியதாயிற்று. 2025 நவம்பரில் இரண்டு சிறு தளங்களோடு ஐரோப்பாவில் இணைப்பை அறிவித்தது. சிறிய தொடக்கம், சரியான தொடக்கம்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். கமக்காரர் குழுவொன்றை ஒரு தளத்தில் நடத்தி வந்தோம். ஒரு காலையிலே நிருவாகியின் கணக்கு முடக்கப்பட்டது. காரணம் கேட்டோம், இயந்திரம் விடை சொன்னது, மனிதர் எவரும் சொல்லவில்லை. அறுவடைக் காலத்தில் பத்து நாட்கள் ஒருவரையொருவர் தேடி அலைந்தோம். எங்கள் உறுப்பினரின் பெயர்ப் பட்டியல்கூட எங்களிடம் இருக்கவில்லை, கம்பனியிடம் இருந்தது. வெட்கப்பட்டேன். வாசலை அரசு பூட்டிய நாட்களையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்: 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல்.

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம். ஒன்று, ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தன் சொந்தக் கொப்பியில் எழுதி வைக்கட்டும். இரண்டு, புதிய தளத்தைச் சோதிக்க விரும்புவோர் தனித்தனியே போகவேண்டாம். ஒரு சங்கம் முழுவதாகப் போகட்டும், பழைய இடத்தையும் சிறிது காலம் வைத்திருக்கட்டும். மூன்று, நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 2024 இல் நிறைவேற்ற நேரம் கண்ட நாடாளுமன்றம், தளங்கள் ஒன்றோடொன்று பேசவும் மக்கள் தம் தொடர்புகளோடு வெளியேறவும் உரிமை தரும் சட்டத்துக்கும் நேரம் காணவேண்டும் என்று கேட்போம்.

இளைஞரின் கேள்விக்கு விடை இதுதான். புதியவர் வெல்லலாம், தரத்தால் மட்டும் வெல்லமாட்டார். போவதற்குப் பாதை இருந்தால் நல்ல சந்தைக்கு மக்கள் தாமே போவார்கள். பாதையைக் கம்பனிகள் போட்டுத் தரமாட்டா; அது நாம் கேட்டுப் பெறவேண்டியது. நாளை காலை முதல் வேலையாக அந்தக் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்குங்கள்.