வெள்ளரி மோர்: ஊத்துற கைக்கும் ஒரு டம்ளர்

(கூட்டமைப்பின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளரிக்காயைப் பற்றிப் பேச என்ன இருக்குன்னு நினைப்பீங்க. கொள்ளிடக்கரைக்காரங்க நமக்கு வெள்ளரிப்பிஞ்சு புதுசு இல்லை. பங்குனிப் புனர்பூசத்தில் நந்தி கல்யாணம். திருவையாற்றிலிருந்து ஐயாறப்பர் மாப்பிள்ளை நந்தியை அழைச்சுக்கிட்டு கொள்ளிடம் தாண்டி நம்ம ஊருக்கு வர்றார். கூடவே ஜனமும் வருது. அன்னைக்கு நீர்மோர் ஊத்தாத, பானகம் கரைக்காத தெரு உண்டா? ஆனா ஊத்துற கை பூரா நம்ம கை, கடைசியாக் குடிக்கிறதும் நாமதான். ஏன்னு கேட்டா, "குடிச்சுட்டு எங்கடி போய் ஒதுங்குறது?" என்பாங்க. நடவு வயல்லயும் அதே கதைதான். தாகத்தை அடக்கி அடக்கி, நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கல்லுன்னு ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் வெள்ளரியைக் கையில எடுத்ததே இதுக்காகத்தான்.

வெள்ளரியில் 100-க்கு 95 பங்கு தண்ணீர்தான். அதனால வெள்ளரி சாப்பிட்டா போதும்னு சிலர் சொல்றாங்க. போதாது. வேர்வையில தண்ணியோட உப்பும் போகுது. வெள்ளரியில உப்பு இல்லேன்னே சொல்லலாம். வெறும் வெள்ளரித் தண்ணி நாக்குக்குக் குளிர்ச்சி, அவ்வளவுதான். மோரும் உப்பும் சேர்ந்தாத்தான் வெயில்ல நிக்கிற உடம்புக்கு ஆகும்.

அளவு சொல்றேன். ஒரு லிட்டர் தயிருக்கு நாலு லிட்டர் தண்ணி, காய்ச்சி ஆறவச்சது. வெள்ளரி அரைக் கிலோ. தூள் உப்பு தலைதட்டி ரெண்டரை டீஸ்பூன். விரல் நீளம் இஞ்சி, ரெண்டு பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, ஒரு சிட்டிகை பெருங்காயம். இஞ்சியையும் மிளகாயையும் தட்டி மோர்ல கலந்து, வடிகட்டிக்கணும். வெள்ளரியைத் துருவிக் கடைசியாப் போடணும். இருபத்தஞ்சு டம்ளருக்குக் குறையாது. மிக்ஸியில அரைச்சாலும் ஆகும், ஆனா அரைச்சது சீக்கிரம் நிறம் மாறி வாசனை கெட்டுப்போகும். பந்தலுக்குத் துருவல்தான் நல்லது. மொத்தமாக் கலக்கி அண்டாவில வெயில்ல வைக்காதீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஆகுற அளவு மட்டும் கலக்குங்க, மிச்சத் தயிர் நிழல்ல மண்பானைத் தண்ணிக்குள்ள இருக்கட்டும்.

பானகத்துக்கும் இதே துருவலைப் பிழிஞ்சு விடலாம். லிட்டருக்கு 100 கிராம் வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், துளி உப்பு. சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கு மோர்தான்.

இனி முக்கியமானது, கசப்பு. தண்ணி பத்தாம வெயில்ல காய்ஞ்ச கொடியில காய் கசக்கும். காம்புப் பக்கம்தான் கசப்பு அதிகம். நுனியை வெட்டித் தேய்ச்சு நுரை எடுத்தா கசப்பு போயிடும்னு நம்ம பாட்டிமார் சொல்வாங்க. தேய்க்கிறதைவிட, காம்புப் பக்கம் ஒரு அங்குலம் வெட்டிப் போடுறதுதான் உதவும். எந்தக் காயா இருந்தாலும் ஒரு துண்டு வாயில போட்டுப் பார்த்த பிறகுதான் துருவணும். கசந்தா அந்தக் காய் முழுக்கக் குப்பைக்கு. காசு போகுதேன்னு வெல்லம் போட்டு மறைக்கக் கூடாது. வெள்ளரியோட ஒரே குடும்பம்தான் சுரைக்காய். கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடிச்சு டெல்லியில 2010-ல ஒரு விஞ்ஞானி இறந்துபோனார். கசந்தா குடிக்காதீங்கன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சொல்லியிருக்கு.

ஐஸ் விஷயம். மீன் பெட்டிக்குப் போடுற ஐஸ் கட்டியை மோர்ல போடாதீங்க. அது குடிக்கிற தண்ணியில செஞ்சதான்னு யாருக்குத் தெரியும்? மண்பானைக் குளிர்ச்சி போதும். விலைக்கு விக்கிறதா இருந்தா உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு பண்ணணும். குழுப் பேரு கெடக் கூடாதில்ல.

இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க உப்பு அளவை டாக்டரைக் கேட்டுக்கணும். வெயில்ல ஒருத்தி மயங்கி விழுந்து பேச்சு குழறினா வாயில மோர் ஊத்தாதீங்க, புரையேறும். நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பு பூரா ஈரத்துணி போட்டு விசிறிக்கிட்டே 108-க்குப் போன் பண்ணுங்க.

ஒதுங்குற இடத்துக்கு வர்றேன். 2005-ல வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் வேலை நடக்கிற இடத்துல குடிதண்ணியும் நிழலும் இருக்கணும்னு எழுதியிருந்துச்சு. கழிப்பறையை நாமதான் வாய் திறந்து கேட்கணும். நந்தி கல்யாணத்துக்குப் பந்தல் போட ஊராட்சியில மனு கொடுக்கிறப்போ, பெண்களுக்குத் தண்ணி வசதியோட தற்காலிகக் கழிப்பறை வேணும்னு அதே மனுவுல எழுதுவோம். பந்தலுக்கு நாலு பேர் நின்னா, மணிக்கு ஒரு தடவை ஒவ்வொருத்தியும் ஒரு டம்ளர் குடிச்சுட்டுத்தான் அடுத்தவங்களுக்கு ஊத்தணும். இதைத் தீர்மானப் புத்தகத்துல இன்னைக்கே எழுதச் சொல்லித் தலைவி அக்காகிட்ட கேட்டுக்கிறேன்.

அந்த மேசையில ரெண்டு பானை இருக்கு. ஒண்ணுல இஞ்சி தூக்கல், இன்னொண்ணுல கம்மி. குடிச்சுப் பார்த்து, பந்தலுக்கு எது ஆகும்னு சொல்லிட்டுப் போங்க.