வீக்ஸ்வில் பிள்ளைகள்

வேலை முடிந்து, கை கால் கழுவி, தேநீருடன் வானொலிப் பெட்டியருகே அமர்ந்திருப்பீர்கள். இன்று நாம் நியூயார்க் நகரின் புருக்ளின் பகுதிக்குப் போய் வருவோம். மறந்துபோன ஓர் ஊரை அங்கே பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் மீட்ட கதை இது.

நியூயார்க் மாநிலத்தில் 1827-இல் அடிமைமுறை ஒழிந்தது. ஆனால், கறுப்பின ஆண்மகன் ஒருவர் வாக்களிக்க வேண்டுமானால், 250 டாலர் மதிப்புள்ள சொத்து அவர் பெயரில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. வெள்ளையருக்கு அந்த நிபந்தனை இல்லை. பெண்களுக்கோ, எந்த நிறத்தவரானாலும், வாக்கே இல்லை!

இந்த நிலையில்தான், 1838-இல் ஜேம்ஸ் வீக்ஸ் என்ற கறுப்பினத் துறைமுகத் தொழிலாளி அங்கே ஒரு மனை வாங்கினார். விற்றவரும் அவர் இனத்தவரே. பின்னால் பலர் வந்து குடியேறினர். அவர் பெயராலேயே ஊருக்கு வீக்ஸ்வில் என்று பெயர் வழங்கலாயிற்று. பள்ளிக்கூடம், தேவாலயங்கள், முதியோர் இல்லம், சொந்தமாக ஒரு பத்திரிகை, எல்லாம் உண்டாயின. 1863-இல் நியூயார்க்கில் கலவரக்காரர்கள் கறுப்பின மக்களைத் தாக்கியபோது, தப்பி வந்தவர்களுக்கு இவ்வூர் அடைக்கலம் தந்தது.

பிறகு நகரம் வளர்ந்தது. புதிய தெருக்கள் ஊரை ஊடறுத்துச் சென்றன. வீக்ஸ்வில் என்ற பெயரே மறைந்தது.

1968-இல் ஜேம்ஸ் ஹர்லி என்ற வரலாற்று ஆர்வலர் அவ்வூரைத் தேடினார். சுரங்க இரயிலில் பணியாற்றிய ஜோசப் ஹெயின்ஸ் என்பவருக்கு விமானம் ஓட்டத் தெரியும். இருவரும் சிறு விமானத்தில் பறந்து பார்த்தார்கள். நேர்நேராக ஓடும் தெருக்களுக்கு நடுவே, கோணலாக, நான்கு பழைய மரவீடுகள் தெரிந்தன. ஹண்டர்ஃபிளை என்னும் பழைய பாதையைப் பார்த்துக் கட்டிய வீடுகள் அவை. அதனால்தான் புதிய தெருவோடு ஒட்டவில்லை.

அருகே இடித்துக்கொண்டிருந்த மனைகளில், மண் போவதற்குள் தோண்டிப் பார்க்க அக்கம்பக்கத்தார் முன்வந்தார்கள். பிள்ளைகளும் மண்ணைக் கிளறினார்கள். பாடப்புத்தகத்தில் தங்கள் மக்களைப் பற்றி அதிகம் படித்திராத பிள்ளைகள் அவர்கள். வகுப்பறையில் பாடம் நடத்தும் எங்களுக்கு, இந்த இடம்தான் நெஞ்சைத் தொடுகிறது. நம் பிள்ளைகளிடமும், "உன் பாட்டி எந்த லயத்தில் பிறந்தார்?" என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். குற்றம் அவர்களுடையதன்று; நாம் சொல்லவில்லை.

அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள் அத்துடன் நிற்கவில்லை. வீடுகளைக் காக்கச் சில்லறைக் காசு சேர்த்தார்கள். நகரத்தின் விசாரணைக்குச் சென்று, பெரிய அதிகாரிகள் முன் எழுந்து பேசினார்கள். 1970-இல் அந்த நான்கு வீடுகளும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாயின. ஜோன் மேனார்ட் என்ற அம்மையார் பல்லாண்டுகள் பாடுபட்டு, அவற்றைக் காக்கும் சங்கத்தை நடத்தினார். 2019-இல் பணமுடை வந்தபோது, பொதுமக்கள் நன்கொடை தந்து நிறுவனத்தைத் தாங்கினர்.

தோண்டியபோது மெல்லிய இரும்புத் தகட்டில் பதிந்த பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தது. நிமிர்ந்து அமர்ந்திருக்கும் ஒரு கறுப்பினப் பெண்மணி. பெயர் தெரியவில்லை. 'வீக்ஸ்வில் அம்மையார்' என்றே அவரை அழைக்கிறார்கள்.